இந்துப்பு

வந்துவிட்டான். பைக்கை அணைப்பதற்கு முன்னால் ஒருதரம் முறுக்கி உறும விடாவிட்டால் அவனுக்கு இறங்கவே தெரியாது. இனி கேட் சத்தம், செருப்பைக் கழற்றிச் சுவரோரம் தள்ளுகிற சத்தம், பிறகு அந்தக் குரல், "அண்ணாச்சி, குட் மார்னிங், எப்படி இருக்கீங்க?" எப்படி இருக்கிறேன். நேற்று எப்படிப் போட்டுவிட்டுப் போனாயோ அப்படியேதான் இருக்கிறேன், மல்லாக்க, ஃபேனைப் பார்த்துக்கொண்டு, வலது கையும் வலது காலும் யார் வீட்டுச் சாமானோ என்று என் பக்கத்தில் கிடக்க. இவன் பெயர் அக்னல். பிசியோதெரபி படித்தவன். வீடு வீடாகப் போய் விழுந்தவர்களைத் தூக்கி நிறுத்துகிறானாம். என்னை இன்னும் நிறுத்தக் காணோம். தூத்துக்குடியில் சுயம்புலிங்க அண்ணாச்சி என்றால் அளத்துக்காரர்கள் மத்தியில் ஒரு மரியாதை உண்டு, எங்கள் உப்பளத்தில் நான் அதட்டினால்தான் லாரி நகரும், அப்படி இருந்தவனை இந்தப் பையன் வந்து குழந்தையைப் புரட்டுகிற மாதிரி புரட்டுகிறான். பங்குனி வெயிலில் உப்புக் குவியலுக்குப் பக்கத்தில் நின்று லோடுக்காரன் ஒருவனைத் திட்ட வாயெடுத்தேன், திட்டு பாதியில் நின்றது, முழங்கால் மடிந்தது, உப்பின் மேலேயே சரிந்தேன். பக்கவாதம் என்றார்கள். மூளையில் இடது பக்கம் அடைத்தால் உடம்பில் வலது பக்கம் போகுமாம், கூடவே பேச்சும் போகுமாம். எவன் வயரிங் செய்த வீடோ இது, ஸ்விட்ச் ஒரு சுவரில், லைட்டு எதிர்ச் சுவரில். நினைப்பு மட்டும் போகவில்லை, அது முன்னைவிட வேகமாக ஓடுகிறது, வாய்க்கு வரும்போதுதான் சிக்கிக்கொள்கிறது. தண்ணீர் என்று நினைத்து வாயைத் திறந்தால் 'சவம்' என்று வருகிறது. ஃபேனைப் போடு என்றாலும் சவம். கழிவறைக்குப் போகணும் என்றாலும் சவம். எங்கள் பக்கத்தில் மூச்சுக்கு மூச்சு சொல்கிற வசவு அது, லோடுக்காரனையும் பொண்டாட்டியையும் சொல்லிச் சொல்லி நாக்கில் தடம் விழுந்துவிட்டது போலிருக்கிறது, எல்லாம் போனபிறகும் அது மட்டும் தங்கிவிட்டது. சிலேட்டு வாங்கி இடது கையில் சாக்பீஸைத் திணித்தார்கள். எழுத்துகளும் எங்கேயோ போய்விட்டன, வெறும் சுழிகளாகப் போட்டேன், என் பொண்டாட்டி சந்தனக்கனி அதைப் பிள்ளையார் சுழி என்று சொல்லிக் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். சிலேட்டைத் தட்டிவிட்டேன், அதோடு சரி. "குட் மார்னிங் அண்ணாச்சி." சவம். சிரிக்கிறான். ஏன் சிரிக்கிறாய், நான் நிஜமாகவே உன்னைத்தான் திட்டினேன்.

பிரஷர் பார்க்கிற பட்டையை இடது கையில் சுற்றுகிறான், அழுத்துகிறான், காற்று ஏறுகிறது, கை இறுகுகிறது. இந்த ஒரு நிமிஷம்தான் எனக்குக் காலையிலேயே பயம் பிடிக்கிற நிமிஷம். எமனுக்கெல்லாம் பயமில்லை, எமன் வந்தால் சவம் என்று சொல்லி அனுப்பிவிடுவேன். இந்தக் கருவி என்ன சொல்லுமோ என்றுதான். ரத்த அழுத்தம் இறங்கினால்தான் என்னை நிற்க வைப்பான். நின்றால்தான் நடக்க வைப்பான். நான்கு கால் வைத்த ஊன்றுகோல் ஒன்று வாங்கி மூலையில் வைத்திருக்கிறது, பிளாஸ்டிக் காகிதம்கூடப் பிரிக்காமல் நிற்கிறது, என்னைவிட அதற்கு இரண்டு கால் அதிகம். கட்டிலிலிருந்து கழிவறை அதிகத் தூரமில்லை. சின்னப் பிள்ளை தவழ்ந்து போய்விடும். அங்கே போக வேண்டும், நானாகப் போக வேண்டும், உள்ளே நுழைந்து கதவைச் சாத்தித் தாழ்ப்பாளைப் போட வேண்டும். அவ்வளவுதான் எனக்கு வேண்டியது. உலகத்தில் வேறு ஒரு மயிரும் வேண்டாம். உப்பளம் வேண்டாம், வெள்ளை வேட்டி வேண்டாம், சங்கத்துக் கூட்டத்தில் முன்வரிசை வேண்டாம். ஒரு தாழ்ப்பாள். அந்தப் பக்கம் அவள் நின்று "முடிஞ்சிட்டா?" என்று கேட்காத ஒரு கதவு. தினமும் அவள் என்னைத் திருப்பிப் போட்டுக் கழுவும்போது நான் சுவரில் இருக்கிற பல்லியைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன், பல்லி என்னைப் பார்க்கிறது, அதன் கண்ணில்கூட எனக்கு வெட்கமாக இருக்கிறது. காற்று இறங்குகிறது. அக்னல் முகம் சுளிக்கிறான். மறுபடியும் அழுத்துகிறான். ரெண்டாந்தரம் அழுத்தினாலே விளங்கிவிட்டது. "நூத்தி எண்பது இருக்கு அண்ணாச்சி. கீழயும் கூடத்தான். மாத்திரை எல்லாம் ஒழுங்காப் போடுறீங்களா அக்கா?" சமையல்கட்டிலிருந்து அவள் ஈரக் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு வருகிறாள். "எல்லாம் நேரத்துக்குக் குடுக்கேன் தம்பி. ஒண்ணு விடல." "சாப்பாட்டுல உப்பு?" "ஒரு கல்லு கிடையாது. உப்பு டப்பாவத் தூக்கிப் பரண்ல போட்டாச்சு. அம்மன் சத்தியமா." அவள் பொய் சொல்லவில்லை. அதுதான் வேடிக்கை. அவள் நெஞ்சறிய அது சத்தியம்தான். நான் ஃபேனைப் பார்க்கிறேன். ஃபேன் சுற்றுகிறது. "அப்ப ஏன் இறங்க மாட்டேங்குதுன்னே தெரியலயே" என்கிறான் படித்தவன். எனக்குத் தெரியும் தம்பி. இந்த வீட்டில் எனக்கு மட்டும்தான் தெரியும்.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்த புதிதில் என்ன சாப்பாடு போட்டாள், நினைத்தாலே குமட்டுகிறது. கேப்பைக் கஞ்சி, உப்பில்லாமல். கீரையை வேகவைத்து மசித்தது, உப்பில்லாமல். முட்டையில் வெள்ளைக் கருவை மட்டும் எடுத்து, அதுவும் உப்பில்லாமல். ஓட்ஸ் என்று ஒன்று, அதற்கு உப்புப் போட்டாலும் ஒன்றுதான் போடாவிட்டாலும் ஒன்றுதான், சுவர் ஒட்டுகிற போஸ்டர் பசை. சோறு கைப்பிடிக்கு மேல் கிடையாது, எண்ணெய் கிடையாது, கருவாடு கண்ணிலேயே கிடையாது. உப்பில்லாப் பண்டம் குப்பையிலே என்று சொல்லிக்கொண்டு வளர்ந்தவனுக்கு, உப்பை விற்று மாடி வீடு கட்டினவனுக்கு, உப்பில்லாத கஞ்சி. பக்கத்து வீட்டுக்காரன் சிரித்திருப்பான். நான் துப்பினேன். அவள் துடைத்துவிட்டு மறுபடியும் ஊட்டினாள். மறுபடியும் துப்பினேன். அந்த நாட்களில்தான் அவளுடைய அண்ணன் ஒருவன் சாயல்குடியிலிருந்து கூண்டோடு புறா கொண்டுவந்தான். பக்கவாதத்துக்குப் புறா ரத்தம் தேய்த்தால் கை கால் எழும்பிவிடும் என்று ஊரில் எவனாவது ஒருவன் சொல்லாமல் இருக்க மாட்டான், அது அவன் வாயில் வந்தது. அறுத்துச் சூட்டோடு சூடாக என் காலில் தேய்த்தார்கள். ஈ மொய்த்தது. மறுநாள் அக்னல் வந்து மோந்து பார்த்துவிட்டு ஆடினான் பாருங்கள் ஆட்டம், அமைதியான பையன் என்று நினைத்திருந்தேன், "அக்கா, இனி ஒரு நாட்டு மருந்து இந்த வீட்டுக்குள்ள வந்துச்சுன்னா நான் வர மாட்டேன், சொல்லிட்டேன்" என்று கத்தினான். அவள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு தலையாட்டினாள். அன்றிலிருந்து அவனிடம் எதையும் சொல்லாமல் இருக்கக் கற்றுக்கொண்டாள். அதற்கப்புறம்தான் ஒருநாள் நாட்டு மருந்துக் கடைக்குப் போய், அவர் சாப்பிடவே மாட்டேங்குறாரு, வாய்க்கு ருசியா ஏதாவது உண்டுமா என்று கேட்டிருக்கிறாள். கடைக்காரன் ஒரு பொட்டலத்தை நீட்டியிருக்கிறான். இந்துப்பு. வடக்கே மலையில் வெட்டி எடுக்கிறார்கள், ரோஸ் நிறத்தில் இருக்கும், குளிர்ச்சி, பித்தத்துக்கு நல்லது, பிரஷர்காரர்கள் தாராளமாகச் சாப்பிடலாம், இது உப்புல சேராதும்மா, மருந்து. வந்து கஞ்சியில் போட்டாள், கொஞ்சமாகவும் இல்லை, மருந்துதானே என்று தாராளமாக. முதல் கரண்டி நாக்கில் பட்டதும் என் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. வலது பக்க நாக்கு செத்தது செத்ததுதான், இடது பக்க நாக்கு போதும் எனக்கு. எந்த அளத்து உப்பு, எந்த மாசம் வாரினது, மழைக்கு முன்னாலா பின்னாலா, நாக்கில் வைத்துச் சொல்லிவிடுவேன். மலையில் வெட்டினாலும் கடலில் காய்ச்சினாலும் உப்பு உப்புதான், அதற்கு ரோஸ் பவுடர் போட்டுவிட்டால் மருந்தாகிவிடுமா. அவள் என் முகத்தைப் பார்த்தாள். "நல்லாருக்கா? இது உப்பில்ல, பயப்படாதிய. மருந்து." சவம் என்றேன். துப்பவில்லை. கிண்ணத்தைக் காலி செய்தேன்.

"கையைக் கோத்துக்கோங்க அண்ணாச்சி." இன்றைக்கு நிற்பது கிடையாது, படுக்கையில் செய்கிறது மட்டும்தான், நேற்றும் அதுதான், முந்தாநாளும் அதுதான். இடது கை விரல்களை வலது கை விரல்களுக்குள் நுழைத்து, செத்ததை உயிருள்ளது தூக்கிக்கொண்டு தலைக்கு மேலே போக வேண்டும். போகிறது. தோளில் ஒரு நரம்பு கத்துகிறது. "வலிச்சா சொல்லுங்க." எப்படியடா சொல்வேன். முழங்காலை மடக்கிப் பாதத்தை அழுத்தி இடுப்பைத் தூக்க வேண்டும், இடது பக்கம் தூக்குகிறது, வலது பக்கம் யோசிக்கிறது. அவன் வலது முழங்காலைக் கையால் பிடித்துக்கொண்டு "இன்னும், இன்னும், சூப்பர்" என்கிறான். ஒன்றுமே நடக்காததற்கு ஒரு சூப்பர். எங்கள் அளத்தில் எவனாவது இப்படி வேலை செய்துவிட்டு நின்றிருந்தால் அன்றோடு சீட்டைக் கிழித்திருப்பேன். பாத்திரம் உருளுகிற சத்தம் கேட்கிறது. தாளிக்கிற வாசம் வருகிறது. எனக்குக் கஞ்சி, அவளுக்கு மட்டும் தாளிப்பு, நான் பார்க்காத இடத்தில் நின்று மீன் குழம்பும் சோறும் அடிப்பாள், அடிக்கட்டும், முப்பது வருஷமாக நான் சாப்பிட்டு முடித்தபிறகு மிச்சத்தைத் தின்றவள் இப்போது முதலில் தின்கிறாள், காலம் அப்படி. இவளுக்கு நிஜமாகவே தெரியாதா? இதுதான், இந்த இடத்தில்தான் தினமும் நினைப்பு வந்து நிற்கிறது, மாட்டு வண்டி பள்ளத்தில் இறங்கின மாதிரி நிற்கிறது. உப்பளத்துக்காரன் பொண்டாட்டி. உப்பு வாசத்தோடு தினமும் வீட்டுக்கு வருகிறவனின் சட்டையைத் துவைத்தவள். நாக்கு ஒன்று இவளுக்கும் இருக்கிறதே. கரிக்கிறதா இல்லையா என்று தெரியாதா? தெரிந்துகொண்டே போடுகிறாளா? ஒரே அடியாகப் போட்டுத் தள்ளினால் போலீஸ் வரும், கரண்டி கரண்டியாகப் போட்டால் யார் வருவார்கள். கையெடுத்துக் கும்பிட்டு, அம்மன் சத்தியம் வைத்து, நெற்றியில் திருநீறு பூசி, வாயில் ஊட்டிக் கொல்லலாம். ஊரே மெச்சும், இப்படி ஒரு பொண்டாட்டி உண்டா என்று. நான் அவளை ஒரு நாளும் கை நீட்டி அடித்தது கிடையாது. வாயால் அடித்தது உண்டு. அது எல்லா வீட்டிலும் உண்டு. அதற்கெல்லாம் ஒருத்தி மனதில் வைத்துக்கொண்டு பழிவாங்குவாளா? வாங்கட்டுமே. நான் தெரிந்தே தின்கிறேன் என்பது அவளுக்குத் தெரியாதே. அவள் கொல்கிறாள் என்றால் நான் சாகிறேன், அவள் கொல்லவில்லை என்றால் நான் ஏமாற்றுகிறேன், இரண்டில் எதுவானாலும் ஜெயிக்கிறது நான்தான். ஜெயித்து என்ன, கழுவ அவள்தான் வரவேண்டும். "அண்ணாச்சி, மூச்சைப் பிடிக்காதீங்க. மூச்சு விட்டுக்கிட்டே தூக்குங்க."

உட்கார வைக்கிறான். கால் இரண்டும் தரையில் படுகிறது. இடது பாதத்துக்குத் தரை குளிர்ச்சியாக இருக்கிறது, வலது பாதத்துக்குத் தரை இருக்கிற செய்தியே வரவில்லை. எதிரே கழிவறைக் கதவு, பச்சை பெயிண்ட், பித்தளைத் தாழ்ப்பாள். நேற்று ராத்திரி கழுவிவிட்டுப் போனபிறகு அரைக்கதவாகத் திறந்து கிடக்கிறது. இந்தத் தூரம்தானே. எழுந்துவிட்டால் என்ன. கருவி என்ன சொன்னால் என்ன, அந்த நம்பரா நடக்கப்போகிறது, நானல்லவா நடக்கப்போகிறேன். இடது கையைக் கட்டில் சட்டத்தில் ஊன்றினேன். குனிந்தேன். அவன் சொல்லிக்கொடுத்தபடிதான், மூக்கு முட்டிக்கு மேல் வரவேண்டும், பிறகு தூக்க வேண்டும். தூக்கினேன். தூக்கிவிட்டேன். ஒரு கணம், சத்தியமாக ஒரு கணம் பிட்டம் கட்டிலை விட்டு எழும்பியது, கதவு கொஞ்சம் கீழே இறங்கியது, நான் உயர்ந்தேன். அப்புறம் வலது முழங்கால் தன் பாட்டுக்கு மடங்கிவிட்டது. அக்னல் இடுப்பைச் சேர்த்துப் பிடித்தான், கெட்டிக்காரன், அப்படியே திரும்பவும் கட்டிலில் அமர்த்திவிட்டான். அவன் நெஞ்சில் என் மோவாய் மோதியது. "என்ன அண்ணாச்சி இது? இந்தப் பிரஷர்ல எந்திரிச்சு இன்னொரு தடவ வந்துச்சுன்னா என்ன செய்வீங்க? இன்னொரு பக்கமும் போயிரும்." சவம், சவம், சவம். சட்டையைப் பிடித்தேன். பொத்தான் ஒன்று தெறித்து உருண்டது. அவன் கோபப்படவில்லை, அதுதான் எனக்கு இன்னும் எரிச்சல், ஒருவன் சட்டையைப் பிடித்தால் திருப்பி ஒரு தள்ளாவது தள்ள வேண்டாமா, அந்த மரியாதைகூட எனக்குக் கிடையாதா. என் கையை ஒவ்வொரு விரலாகப் பிரித்துவிட்டுச் சொல்கிறான்: "தூக்குனீங்க பாத்தீங்களா? காலுல பலம் வந்துட்டு. நான் பிடிக்காமலே தூக்குனீங்க. பிரஷர் மட்டும் இறங்கட்டும், இந்த வாரமே பாத்ரூம் வரைக்கும் நடக்க வைக்கேன். நானே வெளிய நின்னுக்கிடுதேன், நீங்க உள்ள போங்க." இவனுக்கு எப்படித் தெரிந்தது? நான் யாரிடமும் சொல்லவில்லையே, சொல்ல வாயும் இல்லையே. பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறான் திருட்டுப்பயல், நான் அந்தக் கதவைப் பார்க்கிறதை. எனக்குக் கண் கரித்தது. அழுகை என்று யாராவது சொன்னால் செவிட்டில் அறைவேன். உப்பைத் தின்றவன் தண்ணீர் குடித்துத்தான் ஆக வேண்டும் என்பார்கள், இங்கே உப்பைத் தின்றவன் படுக்கையிலேயே மூத்திரம் போக வேண்டியிருக்கிறது. கஞ்சி வேண்டுமா, கதவு வேண்டுமா? இத்தனை நாள் இரண்டும் வேண்டும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். கதவு எங்கே ஓடிவிடப்போகிறது, நாளைக்கு, நாளைக்கழித்து. கஞ்சி இன்றைக்கு. அந்தக் கரிப்பு நாக்கில் இறங்கும்போது மட்டும்தான் நான் நானாக இருக்கிறேன். அதையும் விட்டுவிட்டால் இந்த உடம்பில் சுயம்புலிங்கம் என்று சொல்ல என்ன மிச்சம் இருக்கிறது. ஆனாலும் எழும்பினேனே. கதவு கீழே இறங்கியதே.

"தம்பி, எனக்கும் ஒருதரம் பாக்கியளா?" அவள்தான். எப்போது வந்து நின்றாளோ. "நாலஞ்சு நாளாப் பிடரியில ஒரே வலி. காலைல எந்திரிச்சா கிறுகிறுன்னு வருது. பாருங்க, காலெல்லாம் வீங்கி மெட்டி இறுகுது." அவன் பட்டையை எடுக்கிறான். அவள் என் கட்டிலிலேயே என் பக்கத்தில் உட்காருகிறாள், கட்டில் அவள் பக்கம் தாழ்கிறது, நான் கொஞ்சம் சாய்கிறேன், தோள் இடிக்கிறது. எத்தனை வருஷமாயிற்று இப்படிப் பக்கத்தில் உட்கார்ந்து. காற்று ஏறுகிறது. அவளுடைய கை மெலிந்திருக்கிறது, இந்தக் கைதான் என்னைப் புரட்டுகிறது, நான் இதுவரை இந்தக் கையைப் பார்த்ததாகவே நினைவில்லை. காற்று இறங்குகிறது. அக்னல் எண்ணை உற்றுப் பார்க்கிறான். ரெண்டாந்தரம் அழுத்துகிறான். ரெண்டாந்தரம் அழுத்தாதே, அழுத்தாதே. "அக்கா, உங்களுக்கு அண்ணாச்சியவிடக் கூட இருக்கு. இருநூறைத் தொடப்போகுது. இன்னைக்கே டாக்டரைப் பாருங்க. உப்பு சுத்தமா விடணும், தெரியும்லா?" அவள் சிரிக்கிறாள். "நான் எங்க தம்பி உப்பத் தின்னேன்? அவருக்குப் போடாத உப்பு எனக்கு எதுக்குன்னு அன்னைக்கே விட்டுட்டேம்லா. அவருக்கு என்னவோ அதான் எனக்கும். ஒரே சட்டிதான். ரெண்டு பேருக்கு ரெண்டு அடுப்பு வைக்க முடியுமா?" ஒரே சட்டி. அப்படியானால் அந்தத் தாளிப்பு? அந்த மீன் குழம்பு? நான் இங்கே படுத்துக்கொண்டு வாசத்தை வைத்தே ஆக்கிய மீன் குழம்பு, நான் விழுந்தபிறகு ஒரு நாளும் இந்த வீட்டில் கொதிக்காத மீன் குழம்பு. கீரைக்குத் தாளித்திருக்கிறாள். எனக்கு ஊட்டிவிட்டு அடியில் ஒட்டியிருக்கிற அதே கேப்பைக் கஞ்சியைக் குடித்திருக்கிறாள், அதே இந்துப்பை மருந்தென்று போட்டு. இவளுக்குத் தெரியாது. தெரியவே தெரியாது. தெரிந்திருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும். தெரிந்திருந்தால் நான் நிம்மதியாக இவளை வெறுத்துக்கொண்டே செத்திருப்பேன். இவளை யார் உப்பை விடச் சொன்னது? நான் சொன்னேனா? கேட்டேனா? சொல்லாமல் கொள்ளாமல் ஒருத்தி இப்படி என் தலையில் வந்து ஏறி உட்கார்ந்துகொள்வாளா? பாவி. எனக்கு வருகிற கோபத்துக்கு, எனக்கு வருகிற பயத்துக்கு, இரண்டும் ஒன்றாக வருகிறது, எது எது என்று பிரிக்க முடியவில்லை. இவள் விழுந்தால்? இந்தக் கட்டிலுக்கும் சமையல்கட்டுக்கும் நடுவே இவள் விழுந்து கிடந்தால் நான் இங்கிருந்து பார்த்துக்கொண்டு இருப்பேன். பார்த்துக்கொண்டு மட்டும்தான் இருப்பேன். "கேட்டியளா, உங்க பொண்டாட்டிக்கும் வந்துட்டாம்" என்று என் தொடையைத் தட்டிவிட்டு எழுந்து போகிறாள், ஏதோ பரிசு விழுந்த மாதிரி. அக்னல் பையைத் தூக்குகிறான். டேய், போகாதே, நில். கேளடா அவளிடம், கஞ்சியில் என்ன போடுகிறாய் என்று கேள், ஒரு வார்த்தை கேள். அவன் பையைப் பிடித்தேன். "சவம்." "சரி அண்ணாச்சி, சரி, நாளைக்குக் கண்டிப்பா நிக்க வைக்கேன்" என்று என் கையை எடுத்து மடியில் வைத்துவிட்டுப் போகிறான். செருப்பு. கேட். உறுமல்.

கஞ்சி வருகிறது. எவர்சில்வர் கிண்ணம், ஆவி, மேலே நறுக்கின மல்லித்தழை. முதுகுக்குத் தலையணை வைக்கிறாள், கழுத்தில் துண்டைக் கட்டுகிறாள். "நாடியத் தாழ்த்தி மெள்ள முழுங்குங்க, புரையேறிரும்." கரண்டி வருகிறது. நான் வாயை மூடிக்கொண்டேன். "ஆ காட்டுங்க." மாட்டேன். முகத்தைத் திருப்பினேன். கரண்டி பின்னாலேயே வந்தது. இடது கையால் கிண்ணத்தைத் தள்ளினேன். கொஞ்சம் சிந்தியது. அவள் கிண்ணத்தைப் பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்தாள். நானும் பார்த்தேன், கண்ணால் சொன்னேன், எடுத்துக்கொண்டு போ, கொட்டு, அந்தப் பொட்டலத்தைத் தூக்கித் தெருவில் எறி, சொல்கிறேன் அல்லவா, உப்பில் பிறந்து உப்பில் விழுந்தவன் சொல்கிறேன், அது உப்பு. அவள் முகம் தெளிந்தது. விளங்கிவிட்டது என்று நினைத்தேன். "ஓ, ருசி காணலியோ?" என்கிறாள். ஐயோ. கல்யாணமான நாளிலிருந்து நான் தட்டைத் தள்ளினால் இவளுக்குத் தெரிந்த அர்த்தம் ஒன்றே ஒன்றுதான், குழம்பில் உப்புக் குறைச்சல். வேறு எதற்காக நான் தட்டைத் தள்ளியிருக்கிறேன்? நான்தான் பழக்கினேன், பேசாமலேயே பழக்கினேன், தள்ளினால் ஓடிப்போய் உப்பை எடுத்துவர வேண்டும் என்று. ஓடிப்போகிறாள். வீங்கின காலோடு ஓடிப்போய்ப் பொட்டலத்தோடு வருகிறாள். "இன்னைக்குக் கொஞ்சம் கை குறைஞ்சிட்டு போல. இருங்க." என் கண் முன்னால் விரல் நிறைய எடுத்துப் போடுகிறாள், ரோஸ் நிறத்தில், கலக்குகிறாள். தலையை ஆட்டினேன். இப்படியும் அப்படியும் ஆட்டினேன். அது எனக்குச் சரியாக வருவதில்லை, ஆம் என்று நினைத்தால் இல்லை என்று ஆடும், இல்லை என்று நினைத்தால் வேறெப்படியோ ஆடும். "பொறுங்க, பொறுங்க, சூடு பாக்கேன்." ஒரு கரண்டி எடுத்து ஊதித் தன் வாயில் போட்டுக்கொள்கிறாள். முழுங்குகிறாள். தொண்டை ஏறி இறங்குகிறது. இன்னொரு கரண்டி எடுக்கிறாள். "நல்லாத்தான் இருக்கு. நீங்க குடிக்கலேன்னா நான் குடிச்சிருதேன், வீணாக்க முடியுமா?" வேண்டாம். அடியே வேண்டாம். கனி, வேண்டாம். உப்பு என்கிற அந்த ஒரு வார்த்தை தொண்டைக்கு வந்துவிட்டது, எனக்குத் தெரியும், வந்துவிட்டது, முதல் எழுத்துக்கு உதடு குவிய வேண்டும், இடது பக்கம் குவிந்தது, வலது பக்கத்தையும் இழுத்தேன், உயிர் போகிற மாதிரி இழுத்தேன், சொல்வதற்காக வாயைத் திறந்தேன். "அப்படி வாங்க வழிக்கு" என்று அவள் சந்தோஷமாகச் சிரித்துக்கொண்டு கரண்டியை உள்ளே வைத்துவிட்டாள். உப்பு சரியாக இருந்தது.